டாலர் பிறந்த பள்ளத்தாக்கு

என் மனைவியின் கழுத்துச் சங்கிலியில் ஒரு டாலர் உண்டு. லட்சுமி உருவம் பொறித்த, எட்டணா அளவு வட்டம். அவளுடைய அம்மா தங்கவயலில், ஆண்டர்சன்பேட்டை ஆசாரியிடம் சொல்லிச் செய்து போட்டது. 2023 மே மாதம் பிராக் நகரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, ஆறு வயதுப் பேத்தி அதைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "பாட்டி, இது ஏன் டாலர்? டாலர்னா அமெரிக்காப் பணம்தானே?"

பாட்டி என்னைக் கை காட்டினாள். "ரிடையர்டு கெமிஸ்ட்ரி வாத்தியார் உட்கார்ந்திருக்காரே, அவரைக் கேளு."

முப்பத்தோரு ஆண்டுகள் பிள்ளைகளைக் கேள்வி கேட்டவன், ஒரு குழந்தையின் கேள்விக்கு விழித்தேன். மாப்பிள்ளைதான் கைகொடுத்தார். "மாமா, டாலர்ங்கிற பேரு பிறந்த ஊரே இங்கேர்ந்து ரெண்டரை மணி நேரம்தான். சனிக்கிழமை போயிட்டு வந்துடலாம்."

அப்படித்தான் யாஹிமோவ் என்ற சிற்றூருக்குப் போனேன். பேத்தியின் கேள்விக்கு விடை கிடைத்தது. நான் கேட்காத வேறு சில கேள்விகளுக்கும் அந்த ஊர் விடை வைத்திருந்தது. நம் சங்கத்து அன்பர்களில் பாதிப்பேர் என்னைப் போலவே தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வந்தவர்கள். அவர்களுக்கு இந்த ஊரின் கதையைச் சொல்ல வேண்டும் என்று அன்றே தோன்றிவிட்டது.

ஒரே தெரு உள்ள ஊர்

பிராக்கிலிருந்து மேற்கே சுமார் 130 கிலோமீட்டரில் கார்லோவி வாரி என்னும் வெந்நீர் ஊற்று நகரம். அங்கிருந்து வடக்கே இருபது கிலோமீட்டர் சென்றால் மலை தொடங்குகிறது. மலைத்தொடருக்குச் செக் மொழியில் குருஷ்னே ஹோரி என்று பெயர். ஜெர்மன் மொழியில் எர்ட்ஸ்கெபிர்கே, அதாவது தாதுமலை. மலையின் முகட்டை ஒட்டி ஜெர்மனி எல்லை ஓடுகிறது. தொடரின் உயர்ந்த சிகரமான கிளினோவெட்ஸ் 1,244 மீட்டர். அதன் அடிவாரப் பள்ளத்தாக்கில், மேட்டை நோக்கி ஏறும் ஒரு நீண்ட தெருவும் அதன் இருபுறமும் வீடுகளுமாக இருக்கிறது யாஹிமோவ். இன்றைய மக்கள்தொகை மூவாயிரத்துக்கும் குறைவு.

தெருவின் கீழ்முனையில் பெரிய பெரிய குளியல் விடுதிகள், பூங்காக்கள். மேலே ஏற ஏறப் பழைய கல்வீடுகள். சில புதுப்பிக்கப்பட்டவை, சில பூட்டிக் கிடப்பவை. உச்சியில் மாதா கோயில், நகராட்சிக் கட்டடம், பழைய நாணயச்சாலை. அதற்கும் மேலே சுரங்கத்தின் இரும்புக் கோபுரம். அந்தக் கோபுரத்தைப் பார்த்ததும் என் மனைவி, "ஏங்க, நம்ம ஊர் சாஃப்ட் மாதிரியே இல்ல?" என்றாள். ஆம், அப்படியேதான் இருந்தது.

சுவக்கீன் பள்ளத்தாக்கு

1516க்கு முன் அந்த இடத்தில் ஊர் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. வெள்ளி கிடைக்கிறது என்ற செய்தி பரவியதும், அந்தப் பகுதியின் பிரபு ஸ்டெபான் ஷ்லிக் 1516இல் ஊரை நிறுவினார். எல்லைக்கு அப்பால் சாக்சனியில் ஏற்கெனவே அன்னாபெர்க் என்ற வெள்ளி நகரம் செழித்துக்கொண்டிருந்தது. அன்னா என்பவர் மரியன்னையின் தாயார். நம் கிறிஸ்தவ நண்பர்கள் அன்னம்மாள் என்பார்களே, அவர்தான். மனைவியின் பெயரில் ஓர் ஊர் இருந்தால் கணவரின் பெயரில் இன்னொன்று வேண்டாமா? அன்னம்மாளின் கணவர் ஜோக்கிம், தமிழில் சுவக்கீன். ஆகவே புதிய ஊர் யோக்கிம்ஸ்தால் ஆயிற்று. ஜெர்மன் மொழியில் 'தால்' என்றால் பள்ளத்தாக்கு. செக் நாவில் அதுவே யாஹிமோவ்.

பிறகு நடந்தது நமக்குப் புதிதல்ல. 1880களில் கோலார் மண்ணில் ஆழத்துத் தங்கம் பிடிபட்டதும் வடாற்காட்டிலிருந்தும் சேலம் பக்கத்திலிருந்தும் நம் பாட்டனார்கள் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள் அல்லவா, அதேபோல் சாக்சனியிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் சுரங்கத் தொழிலாளர்கள் வந்து குவிந்தார்கள். 1520இல் அரசர் அதைச் சுதந்திரச் சுரங்க நகரமாக அறிவித்தார். 1530களில் மக்கள்தொகை சுமார் 18,000. போஹிமிய நாட்டில் பிராக்குக்கு அடுத்த பெரிய நகரம் அது என்றால் நம்புவீர்களா? பதினெட்டே ஆண்டுகளில்!

வந்தவர்கள் எல்லாருக்கும் வெள்ளி கிடைத்துவிடவில்லை. 1525இல் ஜெர்மானியக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தபோது இங்குள்ள சுரங்கத் தொழிலாளர்களும் கூலிக்காகவும் உரிமைக்காகவும் எழுந்தார்கள். ஊர் பிறந்து ஒன்பது ஆண்டுகளுக்குள் முதல் வேலைநிறுத்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தாலர், டாலர் ஆன கதை

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் பெரிய வியாபாரத்துக்குப் பொற்காசு, சில்லறைக்குச் சின்ன வெள்ளிக்காசு என்று வழக்கம். பொன்னுக்குத் தட்டுப்பாடு. ஒரு பொற்காசின் மதிப்புக்கு ஈடாக ஒரே பெரிய வெள்ளிக்காசை அடிக்கலாம் என்ற யோசனையை 1486இல் ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியில் செய்து பார்த்தார்கள். ஆனால் ஏராளமாக அடிப்பதற்கு ஏராளமான வெள்ளி வேண்டுமே! அது ஷ்லிக் குடும்பத்திடம் இருந்தது. அவர்கள் சுமார் 29 கிராம் எடையுள்ள கனத்த வெள்ளி நாணயங்களை லட்சக்கணக்கில் அடித்து வெளியிட்டார்கள். 1520இல் அதற்கு முறையான அனுமதியும் கிடைத்தது. ஒரு பக்கம் சுவக்கீன் உருவம், மறுபக்கம் போஹிமியாவின் இரட்டைவால் சிங்கம்.

மக்கள் அதை யோக்கிம்ஸ்தாலர் என்றார்கள், அதாவது யோக்கிம் பள்ளத்தாக்குக்காரன். நம் ஊரில் சேலம், பொள்ளாச்சி என்று ஊர்ப் பெயரைச் சொல்லியே மாம்பழத்தையும் இளநீரையும் விற்கிறார்களே, அப்படி. பெயர் நீளமாக இருந்ததால் முன்பாதி உதிர்ந்து தாலர் மட்டும் நின்றது. வேடிக்கை என்னவென்றால், ஊரின் பெயர் உதிர்ந்துபோய், 'பள்ளத்தாக்கு' என்ற பொதுச்சொல்தான் பணத்தின் பெயராக உலகம் சுற்றியது. டச்சு மொழியில் தால்டர், ஸ்காண்டிநேவிய நாடுகளில் தாலர், இத்தாலியில் தாலெரோ, ஆங்கிலத்தில் டாலர். ஸ்லோவேனியா நாடு 1991இல் தனக்கென ஏற்ற நாணயத்துக்கும் தோலார் என்றே பெயரிட்டது. 2007இல் யூரோ வரும்வரை அது புழக்கத்தில் இருந்தது.

ஸ்பெயின் நாட்டின் பெரிய வெள்ளிக்காசையும் ஆங்கிலேயர் டாலர் என்றே அழைத்தனர். அமெரிக்கக் குடியேற்றங்களில் அந்தக் காசு தாராளமாகப் புழங்கியது. விடுதலை பெற்றபின் இங்கிலாந்தின் பவுன் வேண்டாம் என்று, பழகிய பெயரையே 1785இல் தேர்ந்தெடுத்து, 1792இல் நாணயச் சட்டம் இயற்றினார்கள். அந்தப் பெயர்தான் காசு போல் வட்டமான நம் வீட்டுப் பதக்கத்திலும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஷ்லிக் குடும்பத்துக்கு இந்தச் செல்வம் நிலைக்கவில்லை. 1526இல் துருக்கியருடன் நடந்த மோஹாச் போரில் அரசரும் மாண்டார், ஸ்டெபான் ஷ்லிக்கும் மாண்டார். அடுத்துவந்த ஹாப்ஸ்பர்க் அரசர் பெர்டினாண்ட் 1528இல் நாணயம் அடிக்கும் உரிமையைப் பறித்துக்கொண்டார். 1530களில் எழுந்த அரசு நாணயச்சாலைக் கட்டடம் இன்று அருங்காட்சியகம். பேத்தியைத் தூக்கிப்பிடித்து ஒரு தாலரைக் காட்டினேன். கண்ணாடிப் பெட்டியில் இருந்த காசையும் பாட்டியின் சங்கிலியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பாட்டி டாலர்தான் அழகு" என்று தீர்ப்புச் சொன்னாள்.

வைத்தியரும் உபதேசியாரும்

1527இல் இந்த ஊருக்கு வைத்தியராக வந்தவர் ஜார்ஜியஸ் அக்ரிகோலா. நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, சுரங்கங்களிலும் உலைக்களங்களிலும் சுற்றித் தொழிலாளிகளிடம் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்புகளின் விளைவு, அவர் இறந்த மறு ஆண்டு 1556இல் வெளியான 'தே ரே மெட்டாலிக்கா' என்ற லத்தீன் நூல். தாதுவைத் தேடுவது, தோண்டுவது, நீர் இறைப்பது, காற்றுச் செலுத்துவது, உருக்குவது எல்லாவற்றையும் படங்களோடு விளக்கும் அந்த நூல் இருநூறு ஆண்டுகளுக்குச் சுரங்கத் தொழிலின் வேதமாக இருந்தது. 1912இல் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் ஒரு சுரங்கப் பொறியாளரும் அவர் மனைவியும். அந்தப் பொறியாளர்தான் பின்னாளில் அமெரிக்க அதிபரான ஹெர்பர்ட் ஹூவர்.

அக்ரிகோலா தொழிலாளர்களின் நோய்களையும் எழுதினார். வறண்ட சுரங்கத்தின் தூசு நுரையீரலைத் தின்கிறது என்பதையும், நல்ல காற்றோட்டம் வேண்டும் என்பதையும், முகத்துக்குத் திரை கட்டிக்கொள்ள வேண்டும் என்பதையும் அவர் பதினாறாம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். என் அப்பா ஒவ்வொரு ஷிப்டும் முடிந்து வந்து வாசல் திண்ணையில் உட்கார்ந்து இருமியது எனக்கு நினைவிருக்கிறது. சொல்லப்பட்டு நானூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்னொரு பெரியவர் யோஹான்னஸ் மத்தேசியஸ். லத்தீன் பள்ளியின் தலைமையாசிரியர், பிறகு உபதேசியார். சுரங்கத் தொழிலாளிக்குப் புரியும்படி, சுரங்கத்துச் சொற்களையே கொண்டு அவர் செய்த பிரசங்கங்கள் 1562இல் நூலாக வந்தன. அவர் பள்ளியின் நூலகம் போர்களையும், 1873இல் ஊரையே எரித்த பெருந்தீயையும் தாண்டி இன்றும் இருக்கிறது. வெள்ளி தீர்ந்துபோயிற்று, புத்தகம் தங்கிவிட்டது. வாத்தியார் என்ற முறையில் எனக்கு இதில் தனி மகிழ்ச்சி.

துரதிர்ஷ்டக் கல்

பதினாறாம் நூற்றாண்டு முடிவதற்குள் வெள்ளி குறைந்தது. அமெரிக்கக் கண்டத்து வெள்ளி ஐரோப்பாவுக்கு வந்து இறங்கியது. 1618 முதல் முப்பதாண்டுப் போர். ஊர் சுருங்கியது. ஆனாலும் தொழிலறிவு போய்விடவில்லை. 1716இல் இங்கே ஒரு சுரங்கப் பள்ளி தொடங்கப்பட்டது.

வெள்ளிக்காகத் தோண்டும்போது கருப்பாக, தார்க்கட்டி போல, கையில் எடுத்தால் வியப்பூட்டும் கனத்தோடு ஒரு கல் வந்துகொண்டே இருக்கும். அது தென்பட்டால் வெள்ளி நரம்பு முடிந்தது என்று பொருள். தொழிலாளர்கள் அதைப் பிட்ச்பிளெண்ட் என்றார்கள். ஜெர்மன் மொழியில் 'பெஹ்' என்றால் தார் என்றும் துரதிர்ஷ்டம் என்றும் இரு பொருள். செக் மொழியிலும் அதே இரட்டைப் பொருள் உண்டு. தூக்கி எறிந்தார்கள்.

1789இல் பெர்லின் வேதியியலார் மார்ட்டின் கிளாப்ரோத் இந்த மலைத்தொடரின் பிட்ச்பிளெண்டிலிருந்து புதுத் தனிமம் ஒன்றை அறிந்து, அப்போது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்த யுரேனஸ் கோளின் பெயரை அதற்கு வைத்தார். அதுவே யுரேனியம். அதை வைத்து என்ன செய்வது? கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் மஞ்சளும் பச்சையும் ஏற்றலாம் என்று கண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் யாஹிமோவில் யுரேனியச் சாயத் தொழிற்சாலையே எழுந்தது. சாயத்தைப் பிரித்தபின் எஞ்சிய கழிவை அருகிலிருந்த பைன் காட்டில் கொட்டினார்கள்.

அந்தக் குப்பைதான் வரலாற்றை மாற்றியது. பிட்ச்பிளெண்ட் அதிலுள்ள யுரேனியத்தின் அளவுக்கு மீறிக் கதிர்வீசுகிறது என்பதைப் பாரிசில் மேரி கியூரி கண்டார். அப்படியானால் உள்ளே வேறொன்று ஒளிந்திருக்க வேண்டும் அல்லவா? மேரியும் கணவர் பியரியும் 1898 ஜூலையில் பொலோனியத்தையும் டிசம்பரில் ரேடியத்தையும் அறிவித்தனர். கண்ணால் காணும் அளவு பிரித்தெடுக்க டன் கணக்கில் தாது வேண்டும், வாங்கப் பணமில்லை. யுரேனியத்தை எடுத்துவிட்ட கழிவிலும் ரேடியம் அப்படியேதான் இருக்கும் என்று கணக்கிட்டு, வியன்னா அறிவியல் கழகத்தின் உதவியோடு யாஹிமோவின் கழிவைக் கேட்டுப் பெற்றார்கள். சாக்குகளைப் பிரித்தபோது பழுப்பு மண்ணோடு பைன் ஊசியிலைகளும் கலந்திருந்தன. ஒழுகும் கொட்டகையில் அதைக் காய்ச்சியும் வடித்தும், 1902இல் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடைக் கண்ணில் காட்டினார் மேரி. 1903இல் இயற்பியலுக்கும் 1911இல் வேதியியலுக்கும் நோபல் பரிசு. 1925இல் அவர் யாஹிமோவுக்கே வந்து சுரங்கத்தைப் பார்த்தார்.

பல ஆண்டுகள் வகுப்பில் இதைச் சொல்லியிருக்கிறேன். 'ஆஸ்திரியாவிலிருந்து தாது வந்தது' என்ற ஒரே வரியில் கடந்துவிடுவேன். அன்று ஆஸ்திரியப் பேரரசின் கீழிருந்த ஊர் இது. அந்த ஒரு வரிக்குள் ஓர் ஊர் இருந்தது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

குளிப்பவரும் இறங்குபவரும்

யுரேனியம் தேய்ந்து ரேடியமாகும். ரேடியம் தேய்ந்து ரேடான் என்ற வாயுவாகும். நிறமில்லை, மணமில்லை. சுரங்க நீரில் அது கரைந்திருக்கிறது. அந்த நீரில் குளித்தால் மூட்டுவலி தணிகிறது என்று 1906இல் குளியல் வைத்தியம் தொடங்கியது. ரேடான் குளியலுக்கென எழுந்த உலகின் முதல் ஊர் இதுவே. 1912இல் 'ரேடியம் பேலஸ்' என்ற மாபெரும் விடுதி திறக்கப்பட்டது. இன்றும் 1518இல் தொடங்கிய ஸ்வோர்னோஸ்ட் சுரங்கத்தின் சுமார் 500 மீட்டர் ஆழத்திலிருந்து குழாய் வழியாக நீர் குளியல் தொட்டிகளுக்கு வருகிறது. ஐந்நூறு ஆண்டுகளாக உயிரோடிருக்கும் சுரங்கம்!

என் மனைவிக்கு முழங்கால் வலி. "நாமும் ஒரு முழுக்குப் போட்டா என்ன?" என்றாள். டாக்டர் சீட்டு இல்லாமல் முடியாது என்று அறிந்ததும், "அப்ப நம்ம தைலமே போதும்" என்றுவிட்டாள். மருத்துவர்களிடையே இதில் ஒரே கருத்து இல்லை. மூட்டுவலி தணிகிறது என்போர் உண்டு. எவ்வளவு குறைவான கதிர்வீச்சும் தேவையற்றது என்போரும் உண்டு.

ஒன்றில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. தொட்டியில் சில நிமிடம் கிடப்பது வேறு. காற்றோட்டமில்லாத குகையில் ஆண்டுக்கணக்காக அந்த வாயுவை மூச்சில் இழுப்பது வேறு. ரேடான் சிதைந்து உண்டாகும் நுண்துகள்கள் நுரையீரலில் ஒட்டிக்கொண்டு உள்ளிருந்தே கதிர்வீசும். இந்த மலைத் தொழிலாளர்களை இளவயதில் கொண்டுபோன 'மலைநோய்' நுரையீரல் புற்றுநோய்தான் என்பதை, சாக்சனிப் பக்கத்து ஷ்னீபெர்க் சுரங்கங்களில் 1879இல் இரு மருத்துவர்கள் வெளியிட்டார்கள். யாஹிமோவ் தொழிலாளர்களைப் பற்றி 1932இல் செக் மருத்துவர்கள் எழுதினார்கள். பின்னாளில் செக் நாட்டு யுரேனியத் தொழிலாளர்களைப் பல்லாண்டு தொடர்ந்து கணக்கெடுத்த ஆய்வுகள், உலகெங்கும் ரேடானுக்குப் பாதுகாப்பு அளவு வகுக்க உதவின. இன்று புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் ரேடான் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த அறிவுக்கு விலை கொடுத்தவர்கள் இத்தகைய ஊர்களின் தொழிலாளர்கள்.

ஊர் காலியானது

1938இல் மியூனிக் உடன்படிக்கையால் இந்த எல்லைப்பகுதி ஹிட்லரின் ஜெர்மனியோடு சேர்க்கப்பட்டது. போரின்போது கைதிகள் சுரங்கத்தில் இறக்கப்பட்டனர். 1945இல் போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாகியாவிலிருந்து ஏறத்தாழ முப்பது லட்சம் ஜெர்மன் மொழியினர் வெளியேற்றப்பட்டார்கள். யாஹிமோவில் பெரும்பான்மையோர் ஜெர்மன் பேசுவோர். நானூறு ஆண்டுக்கு மேலாகத் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள், கையில் எடுத்துச் செல்ல முடிந்ததோடு போனார்கள். ஹிட்லரை வரவேற்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஒரு பாவமும் அறியாத கிழவிகளும் குழந்தைகளும் இருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே தண்டனை. உள்ளே வேறிடங்களிலிருந்து புதியவர்கள் வந்தார்கள். சுரங்கத்தில் ஒருவரை ஒருவர் வாழ்த்தும் சொல்கூட மாறிற்று. 'க்ளுக் ஆவுஃப்' போய், 'ஸ்தார் பூஹ்', கடவுள் துணை நிற்கட்டும் என்ற செக் வாழ்த்து வந்தது.

சமத்துவம், சகோதரத்துவம்

இனி வருவதை எழுத மனம் கனக்கிறது. 1945 நவம்பரில் சோவியத் ஒன்றியம் செக்கோஸ்லோவாகியாவுடன் யுரேனிய ஒப்பந்தம் செய்துகொண்டது. அணுகுண்டுக்குத் தாது வேண்டும். தோண்ட ஆள் வேண்டும். முதலில் ஜெர்மானியப் போர்க்கைதிகள். 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தபின், 1949 முதல் அரசியல் கைதிகள். பாதிரியார், விவசாயி, மாணவர், வாத்தியார், ஹிட்லரை எதிர்த்துப் போரிட்ட படைவீரர் எனப் பல்லாயிரம் பேர். ஊரைச் சுற்றி முள்வேலி முகாம்கள் முளைத்தன. அவற்றில் மூன்றின் பெயர்களைக் கேளுங்கள்: ஸ்வோர்னோஸ்ட், ரோவ்னோஸ்ட், பிராட்ர்ஸ்த்வி. ஒற்றுமை, சமத்துவம், சகோதரத்துவம்! சுரங்கங்களுக்கு இருந்த அழகிய பெயர்கள். முள்வேலிக்கும் அவையே பெயர்.

கைதிகளை நெருக்கி நிறுத்தி, சுற்றிலும் இரும்புவடத்தால் கட்டி, ஒரே மூட்டையாக நடத்திச் செல்வார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ரஷ்யப் பஸ்'. அருகிலுள்ள ஆஸ்ட்ரோவ் பக்கத்தில் ஏழு மாடிச் செங்கல் கோபுரம் ஒன்று உண்டு. தாதுவை அரைத்துப் பீப்பாய்களில் அடைத்து ரஷ்யாவுக்கு அனுப்பிய இடம். உள்ளே தூசுப்புயல். அதன் பெயர் 'மரணத்தின் செங்கோபுரம்'.

ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பொஹுமில் மோத்ரி என்பவர் ஐஸ் ஹாக்கிக் கோல்காவலர். 1947இலும் 1949இலும் உலகக் கோப்பை வென்ற செக்கோஸ்லோவாக்கிய அணியில் ஆடியவர். 1950 மார்ச்சில் அணியினர் கைது செய்யப்பட்டார்கள். நாட்டைவிட்டு ஓடத் திட்டமிட்டதாகக் குற்றச்சாட்டு. மோத்ரிக்குப் பதினைந்து ஆண்டு. யுரேனியச் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டார். 1955இல் விடுதலையானார், 1963இல், 46 வயதில், கதிர்வீச்சால் உடல் சீர்கெட்டு இறந்தார். உலகக் கோப்பையோடு நாட்டுக்குத் திரும்பியவருக்கு நாடு கொடுத்தது இது.

1960களின் முற்பாதியில் இங்கே யுரேனியம் தோண்டுவது நின்றது. 1989இல் ஆட்சி மாறும்வரை இதைப் பற்றி உரக்கப் பேச முடியாது. இன்று மாதா கோயில் அருகே நினைவுச்சின்னம் இருக்கிறது. முகாம்கள் இருந்த வழியெங்கும் விளக்கப் பலகைகளோடு நடைபாதை போட்டு, அதற்கு 'யாஹிமோவ் நரகம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மறைக்கவில்லை.

எது பாரம்பரியம்?

2019இல் யுனெஸ்கோ இந்தத் தாதுமலையின் 22 இடங்களை உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. 17 ஜெர்மனியில், 5 செக் குடியரசில். யாஹிமோவ் சுரங்க நிலப்பரப்பு அதில் ஒன்று. மரணத்தின் செங்கோபுரமும் ஒன்று. இதுதான் என்னை நெகிழ வைத்தது. தாலர் அடித்த மண்டபத்தை மட்டும் மெருகேற்றிக் காட்டிவிட்டுச் செங்கோபுரத்தை இடித்திருக்கலாம். இடிக்கவில்லை. பெருமையும் வெட்கமும் ஒரே பட்டியலில் நிற்கின்றன. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தப் பட்டியலுக்காக இரு நாட்டவரும் சேர்ந்து உழைத்தார்கள். ஒரு காலத்தில் ஒருவரை ஒருவர் துரத்தியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இன்று அந்த நாணயச்சாலையையும் நூலகத்தையும் காத்துவரும் ஊரார் பலருக்கு அவற்றைக் கட்டியவர்கள் உறவினர் அல்லர். மொழியும் வேறு. ஊர் நம்முடையது என்றால் அதன் நினைவும் நம் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது காரில் மனைவி பேசவே இல்லை. நெடுநேரம் கழித்து, "அப்பா, மாமா, பெரியப்பா எல்லாரும் எந்த லெவல்ல வேலை செஞ்சாங்கன்னாவது நமக்குத் தெரியுமா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் தங்கவயல். 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. ராக் பர்ஸ்ட் வந்தால் வீட்டுப் பாத்திரம் அதிரும்; சைரன் ஊதினால் பெண்கள் சாஃப்டுக்கு ஓடுவார்கள்; கோடைக்காற்றில் சயனைடு மேட்டு மண் கூரைக்கு மேல் பறக்கும். இவை நமக்குத் தெரியும். நம் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. அக்ரிகோலா போல் யாரும் வந்து கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும் என்று காத்திருந்தால், சொல்வதற்கு ஆள் இருக்கமாட்டார்கள்.

பெங்களூர் திரும்பியதும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். அப்பாவின் பெயர், அவர் வந்த ஊர், வந்த ஆண்டு, லைன் வீட்டு எண், உடன் வேலை செய்தவர்கள் என்று தெரிந்ததை எழுதத் தொடங்கினேன். அண்ணனிடம் கேட்டேன், அவர் அப்பாவின் லெவலைச் சொன்னார். அவரைக் கேட்டிராவிட்டால் அதுவும் போயிருக்கும். அன்பர்களே, உங்கள் வீட்டிலும் எண்பது வயதைத் தாண்டிய யாரேனும் இருப்பார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அருகில் ஒரு நோட்டோடு உட்காருங்கள்.

பேத்தி போன வாரம் தொலைபேசியில் கேட்டாள்: "தாத்தா, பாட்டி டாலர் அந்தப் பள்ளத்தாக்கிலேர்ந்தா வந்துச்சு?"

"பேரு அங்கேர்ந்து வந்துச்சும்மா. தங்கம் உன் கொள்ளுத்தாத்தா ஊர்லேர்ந்து வந்துச்சு" என்றேன்.

"அது எந்த ஊரு?"

நோட்டை எடுத்துக்கொண்டேன்.